பொடியின் பருமனும் வெயிலின் வேலையும்

மணிலாப் பயிருக்கு ஜிப்சம் இடும் வழக்கத்தைத் திண்டிவனம் வட்டாரத்து உழவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. டி.எம்.வி. என்ற எழுத்துகளைத் தாங்கி வெளிவந்த மணிலா இரகங்கள் இவ்வூரின் பெயரையே நாடெங்கும் கொண்டு சென்றன. விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள், மண் அணைக்கும் தருணத்தில், எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சத்தைச் செடியோரம் இட்டு அணைப்பது நல்ல முறை. அந்த ஜிப்சத்தைக் கட்டியாக இட்டால் பயன் யாது? கட்டியின் மேற்புறம் மட்டும் சிறிது கரையும். உட்புறம் அறுவடை வரையில் அப்படியே கிடக்கும். ஆகையால் அதைத் தூளாக்கி இடுகிறோம். ஆனால் மாவினும் நுண்ணிய தூளாக்கிக் காற்றடிக்கும் நேரத்தில் தூவினால், பாதி அடுத்தவர் நிலத்துக்குப் போய்விடும். உரம் ஒன்றே, எடையும் ஒன்றே. பருமன் மட்டும் மாறியது, பலனும் மாறிற்று.

இந்த எளிய உண்மையே, வெயிலின் துணையால் சாயநீரைத் தெளிவிக்கும் சில வெண்பொடிகளின் விஷயத்திலும் அடங்கியிருக்கிறது. இப்பொடிகளைப் பற்றி இக்காலத்தில் பலவிதமான பேச்சுகள் கேட்கின்றன. “எங்கள் பொடி மிகவும் நுண்ணியது, நுண்மை ஏற ஏற வேலையும் ஏறும்” என்று விற்போர் கூறுவதுண்டு. இக்கூற்றில் பாதி உண்மை, மறுபாதி ஆராயத்தக்கது. நம்மைப் போன்ற சங்கங்களில் தறிக்காரரும் உண்டு, ஏர்க்காரரும் உண்டு. ஒருவருடைய சாயத் தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் மற்றொருவருடைய கிணற்றுக்கு அருகே ஓடுகிறது. ஆகவே, சங்கத்தின் பணத்தைக் கொண்டு இத்தகைய பொடியை வாங்குவதற்கு முன்னர், அது எவ்வாறு வேலை செய்கிறது, எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் அவசியம்.

1. குறைகடத்தி என்பது யாது?

செம்பு மின்சாரத்தை எளிதில் கடத்தும். பீங்கான் கடத்தாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தன்மையுள்ள பொருள்களைக் குறைகடத்திகள் என்பர். நாம் இங்கே கருதும் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெண்பொடியும், துத்தநாக ஆக்சைடு என்ற வெண்பொடியும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இப்பொருள்களில் எலெக்ட்ரான்கள் கிணற்று நீரைப் போலத் தாழ்ந்த நிலையில் அடங்கிக் கிடக்கின்றன. அவை மேலெழுந்து நடமாட வேண்டுமாயின் ஒரு குறிப்பிட்ட உயரம் ஏற வேண்டும். அவ்வுயரத்தை ஆற்றல் இடைவெளி என்கிறோம். ஏற்றிவிடும் வேலையைச் செய்வது ஒளி. ஒளியோ, தொடர்ந்த ஒழுக்காக வராமல், சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொரு பொட்டலமும் ஓர் எலெக்ட்ரானைத் தனித்தே ஏற்ற வேண்டும். பத்து முழ ஆழமுள்ள கிணற்றில் எட்டு முழக் கயிற்றை எத்தனை முறை விட்டாலும் நீர் வராது என்பதைப் போல, ஆற்றல் குறைந்த ஒளி எவ்வளவு மிகுதியாக விழுந்தாலும் பயன் இல்லை.

டைட்டானியம் டையாக்சைடின் ஒரு வகையான அனடேஸ் என்பதற்கு இவ்விடைவெளி 3.2 எலெக்ட்ரான் வோல்ட். இதற்குப் போதுமான ‘நீண்ட கயிறு’ புற ஊதாக் கதிர்களிடத்தில்தான் உண்டு. அதாவது அலைநீளம் ஏறக்குறைய 388 நானோமீட்டருக்குக் குறைந்த கதிர்களிடத்தில். தரைக்கு வந்து சேரும் வெயிலின் ஆற்றலில் இக்கதிர்களின் பங்கு நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்தே. மற்ற வெயிலெல்லாம் இப்பொடிக்கு வெறும் வெளிச்சமும் வெப்பமுமேயாகும்.

எலெக்ட்ரான் மேலே எழும்பியவுடன் அது இருந்த இடம் வெற்றிடமாகிறது. அதைத் துளை என்று அழைப்பர். எலெக்ட்ரானும் துளையும் பொடியின் மேற்புறத்தை அடைந்தால் வேலை தொடங்குகிறது. எலெக்ட்ரானை நீரில் கரைந்துள்ள பிராணவாயு ஏற்றுக்கொள்கிறது. துளையோ, மேற்புறத்தைத் தொட்டு நிற்கும் நீரிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறித்து, ஹைடிராக்சில் என்னும் மிகத் தீவிரமான துணுக்கை உண்டாக்குகிறது. இத்துணுக்கே சாயத்தின் கட்டமைப்பை உடைத்துச் சிறு சிறு பொருள்களாக்குகிறது. போதிய நேரம் கொடுத்தால் அவை கரியமில வாயுவாகவும் நீராகவும் சில எளிய உப்புகளாகவும் முடிகின்றன. பொடி இந்த இரசாயன மாற்றத்தைத் தூண்டுகிறதேயன்றித் தான் செலவாவதில்லை.

ஆனால் எலெக்ட்ரானும் துளையும் மேற்புறத்தை அடைந்து வேலை செய்வதற்கு முன்பே ஒன்றையொன்று சந்தித்து இணைந்துவிட்டால், பெற்ற ஒளியாற்றல் வெப்பமாகி வீணாகிறது. இறைத்த நீர் வாய்க்காலில் பாயாமல் மீண்டும் கிணற்றிலேயே விழுவதைப் போன்றது அது. இந்த இணைவைத் தடுப்பதும் தவிர்ப்பதுமே இத்துறை விஞ்ஞானிகளின் பெருங்கவலை.

2. இவ்வறிவு வந்த வழி

டைட்டானிய வெண்மை நமக்கு அந்நியமான பொருளன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும், கேரளத்துச் சவறைக் கடற்கரை மணலிலும் இல்மனைட் என்ற கரிய தாது கிடைக்கிறது. அதிலிருந்து இவ்வெண்பொடியைச் செய்ய முடியும். இதன் பொருட்டுத் திருவனந்தபுரத்தில் 1946-இல் ஒரு கம்பெனி நிறுவப்பட்டது. வண்ணப்பூச்சுக்கும் காகிதத்துக்கும் ரப்பருக்கும் வெண்மை தருவதே அப்பொடியின் முக்கிய உபயோகம். நெசவாளர் கையாளும் செயற்கைப் பட்டு நூலில் மினுமினுப்பைக் குறைத்து மங்கலாக்குவதற்கும் இதனையே சேர்க்கிறார்கள்.

இங்கேதான் ஒரு குறை தென்பட்டது. டைட்டானிய வெண்மை கலந்த வண்ணப்பூச்சு, வெயிலில் சில காலம் நின்றபின், தொட்டால் கையில் சுண்ணாம்பைப் போல ஒட்டியது. மங்கலாக்கிய சில நூல்கள் வெயிலில் விரைவாக வலுவிழந்தன. தன்னைச் சூழ்ந்துள்ள பொருளை வெயிலின் துணையால் அப்பொடி அரித்தது என்பதே காரணம். 1938-இல் குடீவ், கிச்சனர் என்ற இரு விஞ்ஞானிகள், டைட்டானியம் டையாக்சைடின் மேல் படிந்த சாயம் புற ஊதாக் கதிரில் வெளுப்பதை ஆராய்ந்து எழுதினர். 1972-இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான புஜிஷிமா, ஹோண்டா இருவரும், இப்பொருளால் ஆன மின்முனையின் மேல் ஒளியைச் செலுத்தி நீரையே பிராணவாயுவாகவும் ஹைடிரஜனாகவும் பிரித்துக் காட்டினர். அதன் பின்னரே உலகம் முழுவதும் இத்துறையில் ஊக்கம் பிறந்தது.

வண்ணப்பூச்சுக்காரருக்குத் தீமையாக இருந்த குணமே சாயநீரைத் தெளிவிக்க விரும்பியவருக்கு நன்மையாக அமைந்தது. நம் மாநிலத்திலும் இவ்வாராய்ச்சி நடைபெற்றுள்ளது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் நெசவுத் தொழிலில் பயன்படும் சாயங்களை இப்பொடிகளைக் கொண்டு வெயிலில் சிதைத்துப் பார்த்து, முடிவுகளை 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றில், குறிப்பிட்ட ஒரு பழுப்புச் சாயத்தைப் பொறுத்தவரை துத்தநாக ஆக்சைடு டைட்டானியப் பொடியைவிட மேலாக வேலை செய்தது. ஆயினும் துத்தநாக ஆக்சைடு புளிப்பு மிகுந்த நீரிலும் கார நீரிலும் கரையக்கூடியது. சாயநீர் பெரும்பாலும் கார நீர் என்பதையும், கரைந்த துத்தநாகம் நிலத்துக்குப் போகும் என்பதையும் மறத்தலாகாது.

3. நுண்மையால் வரும் முதல் இலாபம்: பரப்பு

வேலை நடக்கும் இடம் பொடியின் மேற்புறம் என்றோம். ஆகவே மேற்பரப்பு எவ்வளவு என்பதே முதற் கேள்வி. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பஞ்சிழை ஒன்றின் குறுக்களவு ஏறக்குறைய 15,000 நானோமீட்டர். 20 நானோமீட்டர் மணிகளை வரிசையாக வைத்தால், ஒரே பஞ்சிழையின் குறுக்கே 750 மணிகள் அடங்கும்.

இப்பொழுது 1 கிராம் அனடேஸை எடுத்துக்கொள்வோம். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3.9 கிராம். அது ஒரே கனசதுரக் கட்டியாக இருந்தால், ஆறு முகங்களும் சேர்ந்து 2.4 சதுர சென்டிமீட்டர். கட்டைவிரல் நகத்தின் அளவே. அதே 1 கிராமை உருண்டை மணிகளாக்கினால் கணக்கு பின்வருமாறு அமையும்.

மணியின் குறுக்களவு 2,000 நானோமீட்டர்: பரப்பு 0.77 சதுர மீட்டர். ஒரு சிறிய துண்டின் அளவு.

மணியின் குறுக்களவு 200 நானோமீட்டர்: பரப்பு 7.7 சதுர மீட்டர்; ஒரு சேலையை விரித்ததைவிடச் சற்று அதிகம்.

மணியின் குறுக்களவு 20 நானோமீட்டர்: பரப்பு 77 சதுர மீட்டர், ஏறக்குறைய 12 சேலைகளை விரித்த அளவு.

குறுக்களவு பத்தில் ஒன்றாகக் குறையும்போது பரப்பு பத்து மடங்காகப் பெருகுகிறது என்பது இதனால் விளங்கும். வண்ணப்பூச்சுக்கெனச் செய்யும் பொடி 200 முதல் 300 நானோமீட்டர் வரையுள்ளது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடித்து வெண்மையாகத் தோன்றுவதற்கு அப்பருமனே ஏற்றது. சாயத்தைச் சிதைப்பதற்கு அது பருமனானது. மேலும், வெயிலில் பூச்சு கெடாதிருக்க அதன் மணிகளுக்குப் பெரும்பாலும் வேறொரு பொருளால் மேற்பூச்சு இடுகிறார்கள். ஆகையால் மலிவாகக் கிடைக்கிறதென்று வண்ணப்பூச்சுப் பொடியை வாங்கிச் சாயநீரில் போடுவது வீண் செலவாகும்.

4. இரண்டாவது இலாபம்: குறுகிய வழி

ஒளி மணியின் உட்புறத்திலும் எலெக்ட்ரானையும் துளையையும் எழுப்புகிறது. அவை மேற்புறத்தை அடைய நடந்து வரவேண்டும். பருத்த மணியில் வழி நீளம். வழியிலேயே சந்தித்து வீணாகும் வாய்ப்பும் அதிகம். இந்த நடை நேர்கோட்டில் செல்லும் நடையன்று. திருவிழாக் கூட்டத்தில் வழி தெரியாமல் திரிபவனுடைய நடையைப் போன்றது. ஆதலால் தூரம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால், அதைக் கடக்கும் நேரம் நூறில் ஒன்றாகக் குறைகிறது. நுண்ணிய மணியில் இரண்டும் விரைந்து மேற்புறத்தை அடைகின்றன. உட்புறத்தில் நேரும் இணைவு குறைகிறது.

இவ்விரண்டு இலாபங்களையும் கேட்டவுடன், “அப்படியானால் இயன்றவரை நுண்மையாக்குவதே நன்று” என்று தோன்றும். விற்போரும் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வர். நாம் மேலும் செல்ல வேண்டும்.

5. நுண்மையால் வரும் நஷ்டங்கள்

முதலாவது நஷ்டம், மேற்புறத்திலேயே நேரும் இணைவு. மணி மிகச் சிறிதானால், எலெக்ட்ரானும் துளையும் ஒன்றுக்கொன்று மிக அருகிலேயே மேற்புறத்தில் வந்து நிற்கின்றன. அங்கே அமைப்புக் குறைகளான பள்ளங்கள் பல உண்டு. அவற்றில் சிக்கி இரண்டும் இணைந்துவிடுகின்றன. உட்புறத்தில் தவிர்த்த நஷ்டம் வெளிப்புறத்தில் வந்து சேர்கிறது.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜாக்கி யிங் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் 1998-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 21, 11, 6 நானோமீட்டர் மணிகளைக் கொண்டு நீரிலிருந்த குளோரோபாரத்தைச் சிதைத்துப் பார்த்தனர். 21-லிருந்து 11-க்கு வந்தபோது வேகம் கூடிற்று. 11-லிருந்து 6-க்கு வந்தபோது வேகம் குறைந்தது. 2002-இல் ஆல்ம்குவிஸ்ட் என்ற அம்மையாரும் பிரதீம் பிஸ்வாஸ் என்பவரும் பீனால் என்ற பொருளைச் சிதைத்துப் பார்த்தபோது, 25 முதல் 40 நானோமீட்டர் வரையுள்ள மணிகளே சிறந்தவையாக இருந்தன. இரு முடிவுகளும் எண்ணில் வேறுபடுகின்றன. காரணம், பொடியைச் செய்த முறையும் சிதைக்கப்பட்ட பொருளும் வேறு. ஆனால் கருத்தில் இரண்டும் ஒன்றுபடுகின்றன: மிகப் பெரியதும் ஆகாது, மிகச் சிறியதும் ஆகாது; நடுவே ஒரு நல்ல அளவு உண்டு; அவ்வளவு எல்லா வேலைக்கும் ஒன்றாகவே இராது.

இரண்டாவது நஷ்டம், கயிற்றின் நீளம் பற்றியது. குறைகடத்தியின் மணி ஒரு சில நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்தால், அதன் ஆற்றல் இடைவெளியே பெரிதாகிவிடுகிறது. கிணறே ஆழமாகிறது என்று கொள்ளலாம். காட்மியம் சல்பைடு பருமனாக இருக்கையில் மஞ்சள் நிறம். அதன் மணிகள் ஒரு சில நானோமீட்டரானால் நிறம் வெளிறி மறைகிறது. பொருள் மாறாமலே, பருமன் மாறியதால் நிறம் மாறும் இந்த விந்தையைக் கண்டறிந்து வளர்த்த பாவெண்டி, புரூஸ், எகிமோவ் ஆகிய மூவருக்கும் 2023-இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இடைவெளி பெரிதானால் எலெக்ட்ரானுக்கும் துளைக்கும் வேலை செய்யும் வலிமை கூடும் என்பது ஒரு நன்மை. ஆனால் அவற்றை எழுப்புவதற்கு இன்னும் நீண்ட கயிறு வேண்டும். வெயிலிலுள்ள நூற்றுக்கு நான்கைந்து பங்கிலும் ஒரு பகுதி பயனற்றுப் போகும். டைட்டானியப் பொடியில் இவ்விளைவு ஏறக்குறைய 3 நானோமீட்டருக்கும் கீழேதான் குறிப்பிடத்தக்கதாகிறது. ஆகவே 10, 20 நானோமீட்டர் பொடியை விற்பவர் நோபெல் பரிசு பெற்ற இந்த விந்தையைக் காட்டி விலை கூறுவாராயின், அது இப்பொடிக்குப் பொருந்தாது என்று அறிக.

மூன்றாவது நஷ்டம், மீட்பது பற்றியது. ஏரியில் புதுவெள்ளம் வரும்போது மணல் முதலில் படிவதையும், வண்டல் பின்னர் படிவதையும், களி நாட்கணக்கில் கலங்கி நிற்பதையும் நாம் கண்டிருக்கிறோம். மணியின் குறுக்களவு பத்தில் ஒன்றானால், அது படியும் வேகம் நூறில் ஒன்றாகிறது. 10,000 நானோமீட்டர் டைட்டானிய மணி ஓர் அடி ஆழத்தைக் கடந்து படிய அரைமணி நேரத்துக்குச் சற்று மேலாகும். 1,000 நானோமீட்டர் மணிக்கு இரண்டு நாட்களுக்கு மேலாகும். 100 நானோமீட்டர் மணிக்குக் கணக்கின்படி ஏழு மாதங்கள் செல்லும். 20 நானோமீட்டர் மணி தனித்திருந்தால் படிவதே அரிது. எந்தத் துணியும் அதை வடிகட்டாது. பொடி செலவாவதில்லை என்று முன்னர் கூறினோம். ஆனால் அதை மீட்க முடியாவிட்டால், ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டும்; பழையது வாய்க்கால் வழியே வயலுக்குப் போகும். இதைத் தவிர்க்கக் கண்ணாடியிலோ ஓட்டிலோ பொடியைப் படியவைத்து, அதன்மேல் நீரை ஓடவிடும் முறையும் உண்டு. அம்முறையில் மீட்கும் தொல்லை இல்லை. ஆனால் நீரைத் தொடும் பரப்பு வெகுவாகக் குறைகிறது. பன்னிரண்டு சேலைகளை விரிக்காமல் மடித்து வைத்ததற்கு ஒப்பாகும் அது.

நான்காவது நஷ்டம், திரளுதல். பொட்டலத்தின் மேல் 20 நானோமீட்டர் என்று அச்சிட்டிருப்பது தனி மணியின் அளவு. நீரில் போட்டவுடன் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகின்றன. நீரில் உப்பு மிகுந்திருந்தால் இன்னும் விரைவாகத் திரள்கின்றன. சாயநீரில் உப்பு மிகுதி என்பதைச் சாயமிடுவோர் நன்கறிவர். ஆகவே ஆய்வுக்கூடத்துத் தூய நீரில் காட்டிய வேலையை அதே பொடி நம் தொட்டியில் காட்டும் என்று எதிர்பார்க்கலாகாது. உப்பிலுள்ள குளோரைடும், சாயமிடுகையில் சேர்க்கும் சோடாவின் கார்பனேட்டும், சாயத்தைத் தாக்க வேண்டிய தீவிரத் துணுக்குகளைத் தாங்களே பிடித்துக்கொண்டு வேலையைத் தாமதப்படுத்தவும் செய்கின்றன.

6. ஒளியால் தீராத ஒன்று

இதுவரை பருமனைப் பற்றிப் பேசினோம். மிகச் சிறந்த பருமனுள்ள பொடியே கிடைத்தாலும் அதனால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. அதுவே உழவருக்கு எல்லாவற்றினும் முக்கியமானது.

பருத்தி நூலுக்கு வினைச்சாயம் இடும்போது, சாயம் நூலில் ஏறுவதற்காக லிட்டருக்குப் பல பத்து கிராம் அளவில் உப்பு சேர்க்கிறோம். சாயத்தில் பெரும்பகுதி நூலில் பிடிக்கிறது. எஞ்சியது கழிவு நீரோடு போகிறது. உப்போ முழுவதும் கழிவு நீரோடு போகிறது. ஒளி சாயத்தை உடைக்கும். ஏனெனில் சாயம் பல அணுக்கள் கோத்த பெரிய மூலக்கூறு. உப்பை உடைத்து ஒழிப்பதற்கு ஒன்றுமில்லை. நீர் கண்ணாடியைப் போலத் தெளிந்திருக்கும்; நாவில் வைத்தால் கரிக்கும்; நிலத்தில் பாய்ச்சினால் பயிர் வாடும்.

மேற்கு மாவட்டங்களில் நடந்தது நமக்குப் பாடமாக இருக்கட்டும். நொய்யலாற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென ஓர் அணை கட்டி 1992-இல் திறந்தார்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு அதில் வந்து தேங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய அணையின் நீரே வேண்டாமென்று உழவர்கள் கூறும் நிலை உண்டாயிற்று. வழக்குகள் பல நடந்தன. இறுதியில், கழிவு நீரைச் சிறிதும் வெளியேற்றாத ஏற்பாட்டைச் செய்து முடிக்காத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரி 28-இல் உத்தரவிட்டது. உழவருக்கு நிலம் போயிற்று. தொழிலாளருக்கு வேலை நின்றது. அங்கே பெருங்கேடாக அமைந்தது நிறத்தினும் உப்பே.

நமக்கு அருகில் மரக்காணத்து உப்பளங்கள் இருக்கின்றன. பாத்தியில் பரப்பிய நீரை வெயில் எடுத்துச் செல்கிறது. உப்பை விட்டுச் செல்கிறது. உப்பளத்தில் அதுவே வருமானம். வயலில் அதுவே நஷ்டம்.

7. வாங்குவதற்கு முன் ஒரு பரீட்சை

இத்தகைய பொடி எதையேனும் ஒருவர் கொணர்ந்தால், சங்கத்தின் முற்றத்திலேயே ஒரு நாளில் செய்து பார்க்கக்கூடிய பரீட்சை ஒன்றைக் கூறுகிறோம். ஒரே அளவுள்ள மூன்று வெள்ளைத் தட்டங்களை எடுத்துக்கொள்க. நம் தொட்டியிலிருந்தே எடுத்த சாயக்கழிவு நீரைச் சம அளவில், இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மிகாமல், மூன்றிலும் ஊற்றுக. உப்பளத்தில் நீரை ஆழமின்றிப் பரப்புவதைப் போலவே இங்கும் பரப்ப வேண்டும். அடர்ந்த சாயநீர் ஒளியை மேலேயே விழுங்கிவிடும்.

முதல் தட்டத்தில் பொடி இடாமல் வெயிலில் வைக்க. இரண்டாவதில் லிட்டருக்கு 1 கிராம் வீதம் பொடியிட்டு வெயிலில் வைக்க. மூன்றாவதில் அதே அளவு பொடியிட்டு, ஒளி புகாதபடி மூடி நிழலில் வைக்க. மூன்றையும் அவ்வப்போது ஒரே விதமாகக் கலக்கிவிடுக. மாலையில் ஒவ்வொன்றிலிருந்தும் சிறிது நீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, மறுநாள் வரையில் படியவிட்டு, நிறத்தை ஒப்பிடுக.

மூன்றாவது தட்டமே இப்பரீட்சையின் உயிர். இருட்டில் வைத்த நீரும் இரண்டாவதைப் போலவே வெளுத்திருந்தால், பொடி சாயத்தைச் சிதைக்கவில்லை. தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டது என்றே பொருள். அடியில் படிந்த பொடியின் நிறத்தைப் பார்த்தால் இது மேலும் தெளிவாகும். முதல் தட்டமும் வெளுத்திருந்தால், அச்சாயம் வெயிலுக்குத் தானே மங்கும் சாயம். இரண்டாவது மட்டும் வெளுத்திருந்தால்தான் பொடியும் வெயிலும் கூடி வேலை செய்தன எனலாம்.

அதன் பின்னர், இரண்டாவது தட்டத்து நீரின் உப்பளவை வேலைக்கு முன்னும் பின்னும் கருவியால் அளந்து பார்க்க. வெயிலில் நீர் வற்றியிருந்தால் உப்பளவு கூடியே இருக்கும். நிறம் போவதும் சாயப்பொருள் முழுவதும் போவதும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நிறம் மறைந்த பின்னும் உடைந்த துண்டுகள் நீரில் இருக்கக்கூடும். அதை அறிய ஆய்வுக்கூடச் சோதனை தேவை.

பொடியைக் கையாளும்போது உலர்ந்த தூளாகக் காற்றில் பறக்கவிடலாகாது. முதலில் சிறிது நீரில் குழைத்துக்கொள்வது நன்று. டைட்டானியத் தூளை மூச்சில் இழுப்பது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2006-இல் அதனை வகைப்படுத்தியுள்ளது. பரீட்சை முடிந்த நீரையும் பொடியையும் வாய்க்காலில் ஊற்றலாகாது. வெயிலின் பெரும்பகுதியைப் பயன்படுத்தும் என்று கூறி மஞ்சள் நிறக் காட்மியப் பொடியை எவரேனும் கொணர்ந்தால், அதை முற்றத்துக்குள்ளேயே அனுமதிக்க வேண்டாம். அது ஒளியில் தானே அரிந்து நச்சுக் காட்மியத்தை நீரில் விடும்.

8. முடிவுரை

நாம் கண்டவற்றைத் தொகுத்துக் கூறுவோம். குறைகடத்திப் பொடி வெயிலின் புற ஊதாக் கதிரைப் பெற்றுச் சாயத்தைச் சிதைக்கிறது. மணி சிறுத்தால் பரப்பு பெருகும், உள்வழி குறுகும். அளவுக்கு மீறிச் சிறுத்தால் மேற்புறத்து இணைவு பெருகும், மீட்பது அரிதாகும், இன்னும் சிறுத்தால் வெயிலின் பங்கும் குறையும். ஆகவே “எவ்வளவு நுண்மை?” என்ற கேள்வியோடு நில்லாமல், “நம் நீரில், நம் சாயத்துக்கு, மீட்கக்கூடிய எந்த அளவு?” என்று கேட்பதே முறை. உப்பைப் பற்றிய கேள்விக்கு இப்பொடி விடையாகாது. உப்பைக் குறைத்துச் சாயமிடுவதும், உப்பு நீரைத் தனியே பிரித்து மீண்டும் பயன்படுத்துவதுமே அதற்குரிய வழி.

தறிக்காரர் தம் நீர் தெளிந்துவிட்டதென்று மகிழ்ந்து வாய்க்காலில் விட, ஏர்க்காரர் தெளிந்த நீர்தானே என்று நம்பி வயலில் பாய்ச்ச, இருவரும் அறியாமலே கேடு விளைதல் கூடும். அறிந்து செய்தால் அக்கேடு நேராது. ஒருவர் கழிவு மற்றவர் கிணற்றைக் கெடுக்காதவாறு காப்பதும் கூட்டுறவின் கடமைகளுள் ஒன்றேயாகும்.

அங்கத்தினர் கூடிப் பேசுவதற்குரிய வினாக்கள்:

1. 40 நானோமீட்டர் குறுக்களவுள்ள அனடேஸ் பொடி 1 கிராமின் பரப்பு எத்தனை சேலைகளுக்குச் சமம்?

2. பரீட்சையில் மூன்றாவது தட்டத்தை வைக்காமல் விட்டால் எவ்வகையில் ஏமாறக்கூடும்?

3. பொடியை ஓட்டில் படியவைப்பதால் வரும் இலாபமும் நஷ்டமும் யாவை?

4. நம் ஊரில் சாயநீர் எங்கே தொடங்கி எங்கே சேர்கிறது? அவ்வழியிலுள்ள கிணறுகள் எத்தனை? அவற்றின் உப்பளவைக் கடைசியாக அளந்தது எப்பொழுது?